நாற்பது குடம் தண்ணீர்: இங்கிலாந்துக் கணப்புக்கு விறகு சேர்ப்பது எப்படி

லண்டனில் ஒரு அடுக்குமாடி வீட்டில் பல வருடம் இருந்துவிட்டு, வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஹெரிஃபர்ட்ஷையரில் ஒரு கிராமத்துக்குக் குடிவந்தோம். வீட்டு வரவேற்பறையில் ஒரு வார்ப்பிரும்புக் கணப்பு இருந்தது. கண்ணாடிக் கதவு போட்ட இரும்புப் பெட்டி, அதற்கு மேல் ஒரு குழாய், அது போய்ச் சேரும் புகைபோக்கி. இங்கே இதை வுட் பர்னர் என்கிறார்கள். நான் புதுக்கோட்டைப் பக்கம் விறகடுப்புப் புகையில் வளர்ந்தவன். விறகைப் பற்றி எனக்கு இன்னொருவர் சொல்லித்தர என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

அக்டோபர் மாதம் சாலையோர விளம்பரம் ஒன்றைப் பார்த்து ஒரு டிரெய்லர் விறகு வாங்கினேன். நன்றாகக் காய்ந்தது என்று சொல்லித்தான் கொட்டிவிட்டுப் போனார்கள். பற்றவைத்தால் கட்டையின் முனையில் நுரை தள்ளியது, உஸ்ஸென்று சத்தம் வந்தது. அரை மணி நேரத்தில் கதவுக் கண்ணாடி அடுப்புக்கரி மாதிரி ஆகிவிட்டது. அப்பத்தா இதைத்தான் "வெறகு அழுவுது" என்பார். ஊரில் அழுகிற விறகை எடுத்து வாசலில் போட்டால் போதும். சித்திரை வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். காயவைப்பது என்று தனியாக ஒரு வேலை இருப்பதாகவே எங்களுக்குத் தெரியாது. இங்கே வருடத்தில் பாதி நாள் தூறல், பாதி நாள் மூட்டம். அதனால் காயவைப்பதுதான் வேலையே, வெட்டுவதும் எரிப்பதும் அதற்கு முன்னும் பின்னும் வரும் சில்லறை.

இந்த நாட்டில் முதல் முறையாகக் கணப்புள்ள வீட்டுக்குப் போகும் நம்மவர்களுக்காக, நான் தட்டுத்தடுமாறிக் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு

காய்ந்த விறகு ஒரு கிலோ எரிந்தால் கிட்டத்தட்ட 4 யூனிட் வெப்பம் வரும். மின்சாரக் கட்டணத்தில் வருகிற அதே யூனிட்தான். நல்ல கணப்பு அதில் முக்கால் பங்கை அறைக்குள் தரும், மீதி புகைபோக்கி வழியே போய்விடும். அப்படியானால் கிலோவுக்கு 3 யூனிட். சாதாரண வீட்டில் இருக்கும் 5 கிலோவாட் கணப்புக்கு மணிக்கு ஒன்றே முக்கால் கிலோ வேண்டும். மாலையில் 4 மணி நேரம் எரித்தால் 7 கிலோ. அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் கடைசி வரை 150 மாலை என்று வைத்துக்கொண்டால், ஒரு டன்.

இந்த ஒரு டன் என்பது காய்ந்தபின் எடை, அதிலும் ஐந்தில் ஒரு பங்கு ஈரம் இருக்கும். உண்மையான மரம் 800 கிலோதான். அதே மரம் வெட்டின அன்று பாதிக்குப் பாதி தண்ணீராக இருந்திருக்கும், அதாவது 1,600 கிலோ. வித்தியாசம் 600 லிட்டர். நம் பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் பிடிக்கும் என்றால் 40 குடம் தண்ணீர். ஒரு குளிர்காலத்து விறகைத் தயார் செய்வது என்றால் இந்த 40 குடத்தையும் கட்டைக்குள்ளிருந்து வெளியேற்றுவது. காற்றிடம் விட்டால் சும்மா செய்து தரும். அதைச் செய்யாமல் கணப்புக்குள் போட்டால் கணப்பு செய்யும், நாம் காசு கொடுத்து வாங்கிய வெப்பத்தைக் கொண்டு. பாதி ஈரமுள்ள விறகில் கிலோவுக்கு 2 யூனிட் சொச்சம்தான் தேறும். போதாததற்கு, நீராவி நெருப்பைக் குளிர்விக்கும். முழுதாக எரியாத புகை, குழாயின் சுவரில் தாராகப் படியும். அந்தத் தார் ஒருநாள் தானே பற்றிக்கொண்டால் அதற்குப் பெயர் புகைபோக்கித் தீ. கூரையே போய்விடலாம்.

சட்டம் என்ன சொல்கிறது

நான் சொல்வது இங்கிலாந்துச் சட்டம். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் சில விஷயங்கள் வேறு.

1952 டிசம்பரில் லண்டனை மூடிய புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. அதன் வழியாக வந்ததுதான் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி என்ற ஏற்பாடு. லண்டனின் பெரும்பகுதியும் பல நகரங்களும் இதற்குள் வருகின்றன. அங்கே விறகு எரிக்க வேண்டுமானால் டெஃப்ரா என்ற அரசுத் துறை விலக்களித்த கணப்பாக இருக்க வேண்டும். புகைபோக்கியில் புகை தள்ளினால் கவுன்சில் 175 முதல் 300 பவுண்ட் வரை அபராதம் போடலாம். கணப்பின் மாடல் பெயரை வைத்து இணையத்தில் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள், கவுன்சில் தளத்தில் உங்கள் தெருவையும் பாருங்கள்.

இரண்டாவது விதி வாங்குகிறவர்களுக்குச் சாதகமானது. 2021 மே 1 முதல், 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, 'ரெடி டு பர்ன்' என்ற முத்திரையும் இருக்க வேண்டும். அதற்கு மேற்பட்ட அளவில் ஈர விறகு விற்கலாம், ஆனால் எப்படிக் காயவைப்பது என்ற குறிப்பையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பெட்ரோல் பங்கில் வலைப் பையில் கட்டி விற்பது முதல் வகை. அவசரத்துக்குச் சரி. குளிர்காலம் முழுவதும் அதை வாங்கி எரித்தால் எரிவாயு கட்டணமே மேல் என்று தோன்றிவிடும்.

விறகு எங்கே கிடைக்கும்

ஊரில் புறம்போக்கில் சுள்ளி பொறுக்கிய பழக்கத்தில் இங்கே காட்டுக்குள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். விழுந்து கிடக்கும் கிளைக்குக்கூட நிலத்தின் சொந்தக்காரர்தான் சொந்தக்காரர். எடுத்தால் திருட்டு. அதுவும் போக, மட்கும் மரத்தில்தான் வண்டுகளும் காளான்களும் வாழ்கின்றன, அதனால் சில காடுகளில் வேண்டுமென்றே அப்படி விட்டுவைப்பார்கள். கேட்டால் கொடுக்கும் மனிதர்கள் நிறைய இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். புயல் அடித்த மறுவாரம் பக்கத்துப் பண்ணைக்குப் போய்க் கேளுங்கள். பாதையில் விழுந்த மரத்தை யாராவது எடுத்துப்போனால் அவர்களுக்கு ஒரு வேலை மிச்சம்.

எனக்கு மிகவும் கைகொடுத்தவர்கள் மரம் வெட்டும் தொழில்காரர்கள். வீட்டுத் தோட்டங்களில் கிளை கழிப்பார்கள், ஆபத்தான மரத்தை இறக்குவார்கள். அந்தக் கட்டைகளை எங்காவது கொண்டுபோய்க் கொட்ட வேண்டும், அதற்கு டீசல் செலவு. உங்கள் வீட்டு வாசல் வழியில் இருந்தால் சும்மாவோ கொஞ்சம் காசுக்கோ இறக்கிவிட்டுப் போவார்கள். வருவது பச்சைக் கட்டை, அடிமரம், முண்டு, வளைசல் எல்லாம் கலந்து. பிளக்கும் உழைப்பு நம்முடையது.

சொந்தத் தோட்டத்து மரம் என்றாலும் உடனே கோடாரியை எடுக்க வேண்டாம். சில மரங்களுக்குப் பாதுகாப்பு ஆணை இருக்கும், அவற்றை அனுமதி இல்லாமல் தொடக் கூடாது. பழமை காக்கும் பகுதியில் வீடு இருந்தால், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் 75 மில்லிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள மரத்தை வெட்ட 6 வாரம் முன்பே கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும். பறவைகள் கூடு கட்டும் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை வெட்டாமல் இருப்பது நல்லது. குஞ்சும் முட்டையுமாக இருக்கும் கூட்டைக் கலைப்பது குற்றம்.

சரக்கு அடுக்கப் பயன்படும் பேலட் பலகைகள் சும்மா கிடைக்கும். அவற்றில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. (HT) என்று இருந்தால் வெப்பத்தில் பதப்படுத்தியது, எரிக்கலாம். எம்.பி. (MB) என்று இருந்தால் மீத்தைல் புரோமைடு என்ற விஷவாயு ஏற்றியது, தொடவே வேண்டாம். சாயம் அடித்தது, பிளைவுட், எம்.டி.எஃப்., பச்சை நிறம் ஏறிய பழைய வேலிக்கட்டை எதுவும் கணப்புக்குள் போகக் கூடாது. பழைய வேலிக்கட்டைகளில் ஆர்சனிக் இருக்கலாம்.

எந்த மரம்

இதைப் பற்றி இந்த ஊர் மதுக்கடையில் ஒரு இரவு முழுக்கப் பேசுவார்கள். நான் புரிந்துகொண்டது சின்ன விஷயம். கிலோ கணக்கில் பார்த்தால், காய்ந்த எல்லா மரமும் ஏறக்குறைய ஒரே வெப்பம்தான் தரும். கன அளவில்தான் வித்தியாசம். ஓக், பீச், ஆஷ் மரங்கள் கனம், ஒரு கட்டை நின்று எரியும். வில்லோவும் பாப்லரும் முருங்கைக்கு அண்ணன் என்று சொல்லலாம், வெட்டும்போது தண்ணீராகக் கொட்டும், காய்ந்தால் தக்கை. இரண்டு மடங்கு இடமும் இரண்டு மடங்கு உழைப்பும் கேட்கும். சும்மா கிடைத்தால் ஒழிய வேண்டாம்.

ஆஷ் என்றால் சாம்பல்தானே என்று முதலில் குழம்பினேன். பெயர் ஒன்றாக ஒலித்தாலும் அது ஒரு மரம், விறகுக்காரர்களின் செல்லப்பிள்ளை. வெட்டின அன்றே அதில் ஈரம் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான். மேலே போட்ட 40 குடம் கணக்கு ஆஷ் மரத்துக்கு 15 குடமாகக் குறைந்துவிடும். நேராகப் பிளக்கும். ஒரு கோடை போதும். பாவம், 2012இல் பிரிட்டனில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பூஞ்சை நோய் அதை நாடு முழுக்கச் சாகடித்துக்கொண்டிருக்கிறது. சாலையோரம் காய்ந்து நிற்கும் மரங்களைப் பாதுகாப்புக்காக வெட்டுவதால் இப்போது ஆஷ் விறகு தாராளம். "ஈரமாக இருந்தாலும் எரியும்" என்று அதற்கொரு புகழ் உண்டு. எரியும்தான், நன்றாக எரியாது. அதையும் காயவைத்தே போடுங்கள்.

ஓக் பிடிவாதக்காரன். இரண்டு கோடை கட்டாயம், பருத்த கட்டைக்கு மூன்று. பிர்ச் மரத்துக்கு வேறொரு குணம். அதன் வெள்ளைப் பட்டை தண்ணீரே புகாத தோல், அதே காரணத்தால் உள்ளே இருப்பதையும் வெளியே விடாது. பிளக்காமல் உருண்டையாக விட்டால் ஒன்றிரண்டு வருடத்தில் உள்ளேயே மக்கி, கையால் அழுத்தினால் பொடியாகும். ஆனால் அந்தப் பட்டையை உரித்து வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட நல்ல எரிதுணை கிடையாது, மழையில் நனைந்திருந்தாலும் பிடித்துக்கொள்ளும்.

பைன் மாதிரி ஊசியிலை மரங்கள் புகைபோக்கியில் தார் பிடிக்கவைக்கும் என்று இங்கே பலரும் சொல்வார்கள். தாருக்குக் காரணம் ஈரமும் அரைகுறையாக எரியும் நெருப்பும். பின்லாந்தில் காலங்காலமாகப் பிர்ச்சோடு பைனும் ஸ்ப்ரூஸும் எரித்துத்தான் குளிர்காலத்தைக் கழிக்கிறார்கள். காய்ந்த பைன் சீக்கிரம் பிடிக்கும், சீக்கிரம் தீரும். நான் சுள்ளிக்கு அதைத்தான் வைத்திருக்கிறேன். யூ, லபர்னம் இரண்டும் நச்சு மரங்கள், அவை வேண்டாம்.

நறுக்குவதும் பிளப்பதும்

முதலில் கணப்பின் உள்ளளவை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலான 5 கிலோவாட் கணப்புகளுக்கு 25 சென்டிமீட்டர் நீளம் சரியாக இருக்கும். நான் முதல் வருடம் கண்ணளவில் வெட்டி, கால்வாசிக் கட்டைகள் கதவில் இடித்து நின்றன. நீளம் குறைவாக இருப்பதில் இன்னொரு லாபம் உண்டு. மரத்தின் தண்ணீர்க் குழாய்கள் நெடுக்காகப் போகின்றன. ஈரம் பக்கவாட்டில் கசிவதைவிடப் பல மடங்கு வேகமாக வெட்டு முனை வழியாக வெளியேறும். அதனால் குட்டைக் கட்டை சீக்கிரம் காயும்.

அப்புறம் பிளக்க வேண்டும். பட்டையோடு முழு உருளையாக இருக்கும் கட்டை சுலபத்தில் காயாது. பிளந்த முகம் உள்ளங்கை அகலம், அதாவது 10 சென்டிமீட்டர் அளவு இருந்தால் போதும். கொஞ்சம் மெல்லியதும் கொஞ்சம் பருத்ததுமாகக் கலந்திருக்கட்டும். பருத்தது இரவு கடைசிக் கட்டைக்கு.

செயின்சா என்ற சங்கிலி ரம்பத்தைப் பற்றி ஒரே வார்த்தை: நான் தொடுவதில்லை. பயிற்சியும், சங்கிலி கிழிக்காத கால்சட்டையும், கூட ஒரு ஆளும் இல்லாமல் நீங்களும் தொடாதீர்கள். மரம் வெட்டுகிறவரிடமே 25 சென்டிமீட்டராக அறுத்துத் தரச் சொல்லி இன்னும் கொஞ்சம் காசு கொடுத்துவிடலாம். சிறு கிளைகளுக்கு வில்ரம்பம் போதும்.

பிளப்பதற்கு நம்மூர் மெல்லிய கோடாரி உதவாது, மரத்தில் சிக்கிக்கொள்ளும். இங்கே மால் என்று ஒன்று விற்கிறார்கள். ஆப்பு மாதிரி பருத்த தலை, இரண்டரை மூன்று கிலோ எடை. வெட்டுவதற்கு அல்ல, பிளப்பதற்கென்றே செய்தது. முழங்கால் உயரத்தில் ஒரு அகலமான அடிக்கட்டையைப் போட்டு, அதன்மேல் விறகை நிறுத்துங்கள். கால்களை அகட்டி நின்று, அடி இறங்கும் நேரத்தில் முழங்காலையும் மடக்குங்கள். குறி தவறினாலும் கோடாரி அடிக்கட்டையில்தான் போய் இறங்கும், காலுக்கு வராது. கண்ணாடியும் இரும்பு முனை வைத்த காலணியும் போட்டுக்கொள்ளுங்கள். செருப்போடு விறகு பிளக்கும் எங்கள் ஊர்க்காரர்களை நினைத்தால் இப்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

கட்டையின் முகத்தில் ஏற்கெனவே இருக்கும் விரிசலைப் பார்த்து அதன் மேலேயே அடியுங்கள். கணு இருக்கும் பக்கத்தை விட்டுவிடுங்கள். பெரிய உருளையை நடுவில் பிளக்கப் பார்த்தால் முதுகுதான் பிளக்கும். ஓரத்திலிருந்து சீவிச் சீவி எடுக்க வேண்டும். பழைய கார் டயர் ஒன்றை அடிக்கட்டையின் மேல் வைத்து அதற்குள் விறகை நிறுத்தினால், பிளந்த துண்டுகள் சிதறாமல் அங்கேயே நிற்கும், ஒவ்வொரு முறையும் குனிய வேண்டாம். இந்த டயர் உபாயத்தைச் சொல்லித்தந்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற விவசாயி. பச்சையாக இருக்கும்போது பிளப்பது சுலபம், காய்ந்து இறுகிய ஓக் இரும்பு. உறைபனி பிடித்த ஜனவரிக் காலையில் இன்னும் சுலபம், தட்டினாலே டப்பென்று விலகும்.

அடுக்குவது

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

என் முதல் அடுக்கை வீட்டின் வடக்குச் சுவரை ஒட்டி, தரையிலேயே அடுக்கி, நீலத் தார்ப்பாயால் தலையிலிருந்து கால்வரை இறுக்கிப் போர்த்தி, கயிறும் கட்டிவைத்தேன். மழை படக் கூடாதே என்ற கவலை. இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் உள்ளே காளான் பூத்திருந்தது, தார்ப்பாயின் அடிப்பக்கம் முத்து முத்தாக வியர்வை. வேலிக்கு மேலே எட்டிப் பார்த்த பெரியவர் கேட்டார்: "விறகைக் காயவைக்கிறீர்களா, வேகவைக்கிறீர்களா?"

அவர் காட்டியபடி திரும்ப அடுக்கினேன். இங்கே விறகைக் காயவைப்பது காற்று. வெயில் அதற்கு ஒத்தாசைதான். அதனால் காற்று ஓடும் இடமாகப் பாருங்கள். தெற்கோ மேற்கோ பார்த்த திறந்த இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். தரையில் பேலட்டுகளைப் போட்டு அதன்மேல் அடுக்குங்கள், அடியில் காற்று நுழைய வேண்டும். மண்ணில் பட்ட முதல் வரிசை மண்ணாகவே போகும். சுவரோரம்தான் இடம் என்றால் சுவருக்கும் விறகுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். இரண்டு வரிசை வைத்தால் அவற்றுக்கு நடுவிலும் அதே அளவு.

ஒரே வரிசையாக, வெட்டு முனைகள் காற்று வரும் பக்கத்தைப் பார்க்கும்படி வையுங்கள். இடுக்கில்லாமல் இறுக்க வேண்டாம், ஒரு எலி ஓடலாம், பூனை துரத்த முடியாது, அந்த அளவு சந்து. இரு முனைகளிலும் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி வைத்துத் தூண் மாதிரி எழுப்பினால் அடுக்கு சரியாது. ஒன்றரை மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள். காயக் காயக் கட்டை சுருங்கும், அடுக்கு ஒரு பக்கம் சாயும். குழந்தைகள் ஓடும் தோட்டம் என்றால் முட்டுக் கொடுத்துவிடுங்கள்.

மேலே மட்டும் கூரை. தகரமோ பழைய கதவோ எதுவானாலும், முன்பக்கம் ஒரு முழம் நீட்டி, தண்ணீர் வழியச் சற்றுச் சரிவாக. பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். பக்கவாட்டில் அடிக்கும் சாரல் மேற்பரப்பைத்தான் நனைக்கும், இரண்டு நாள் காற்றில் போய்விடும். கூரைக்கு வழியில்லையென்றால் மேல் வரிசையைப் பட்டை வானத்தைப் பார்க்கும்படி வைத்தால் ஓடு போட்ட மாதிரி வழிந்துவிடும்.

எவ்வளவு இடம் வேண்டும்? ஒரு டன் காய்ந்த கடின விறகு அடுக்கினால் ஏறக்குறைய இரண்டரை கன மீட்டர். 25 சென்டிமீட்டர் கட்டை, ஒன்றரை மீட்டர் உயரம் என்றால் ஆறரை மீட்டர் நீளம் வரும். சின்னத் தோட்டத்தில் மூன்றேகால் மீட்டராக இரண்டு வரிசை. வாங்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: கன மீட்டர் என்றால் அடுக்கியதா, கொட்டியதா? கொட்டிய ஒரு கன மீட்டரை அடுக்கினால் மூன்றில் இரண்டு பங்குதான் நிற்கும்.

ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு கட்டையில் மரத்தின் பெயர், மாதம், வருடம் எழுதிவைப்பேன். நினைவிருக்கும் என்று நினைப்போம், இருக்காது. பிளந்து அடுக்கும் வேலை மார்ச்சுக்குள் முடிந்தால் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை முழுதாகக் காய நேரம் கிடைக்கும். ஜூனில் அடுக்கியதை அந்த வருடக் கணக்கில் சேர்க்காதீர்கள். அக்டோபருக்குப் பிறகு வெளியே எதுவும் காயாது, இருப்பது ஏறாமல் இருந்தால் பெரிது. எனக்கு இப்போது இரண்டு அடுக்கு. ஒன்று இந்தக் குளிருக்கு, மற்றது அடுத்த குளிருக்கு. இந்த இரண்டாவது அடுக்கு உருவாகும்வரைதான் கஷ்டம். முதல் வருடம் பேசாமல் முத்திரை போட்ட விறகை வாங்கி எரித்துவிட்டு, பச்சை விறகை அடுக்கத் தொடங்குங்கள். அந்தச் செலவைத் தவிர்க்கப் பார்த்துத்தான் நான் அந்த டிரெய்லர் விறகில் மாட்டினேன்.

காய்ந்துவிட்டதா?

இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தது டங்கென்று கணீரென ஒலிக்கும், ஈரமானது தொப்பென்று சொல்லும். தேங்காய் தட்டி வாங்கத் தெரிந்தவர்களுக்கு இந்த வித்தை ஒரு நாளில் பிடிபடும். பட்டை கழன்று வரும், நிறம் மங்கும், எடை குறையும். முனையில் நட்சத்திரம் மாதிரி விரிசல் விழும், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். முனை முதலில் காய்ந்து வெடித்திருக்கும், நடு ஈரமாகவே இருக்கலாம்.

இரண்டு முள் வைத்த ஈரமானி ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது, விலை அதிகமில்லை. கட்டையின் வெளிப்புறத்தில் குத்திவிட்டு மகிழ்ந்துபோகாதீர்கள். ஒரு கட்டையை வீட்டுக்குள் ஒரு நாள் வைத்து, பிறகு பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தின் நடுவில் குத்த வேண்டும். 20க்குக் கீழ் இருந்தால் எரிக்கலாம். மலிவான மானிகள் பெரும்பாலும் தச்சுவேலைக்குச் செய்தவை. காய்ந்த மரத்தின் எடைக்கு எவ்வளவு தண்ணீர் என்று காட்டும், சட்டம் சொல்வதோ மொத்த எடையில் எவ்வளவு என்று. மானியில் 25 என்றால்தான் சட்டக் கணக்கில் 20. ஆக மானியில் 20 வந்தால் கவலையே இல்லை.

உள்ளே கொண்டுவருவதும் எரிப்பதும்

இரண்டு மூன்று நாளைக்கு வேண்டியதை மட்டும் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், கணப்பை ஒட்டி வேண்டாம். அடுக்கின் இடுக்கில் மரவட்டை, சிலந்தி எல்லாம் இருக்கும், ஒன்றும் செய்யாது. ஊரில் விறகை உருவும் முன் தேளும் கட்டுவிரியனும் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்த கை எனக்கு இன்னும் தட்டிவிட்டுத்தான் எடுக்கிறது. இங்கே பயப்பட வேண்டியது முள்ளெலிக்காக. அடியில் புகுந்து குளிர்காலம் முழுக்கத் தூங்கும். மேலிருந்து எடுத்துக்கொண்டே வாருங்கள்.

பற்றவைப்பதில் ஒரு விஷயத்தை நான் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அடியில் சுள்ளி, மேலே கட்டை என்பது நம் அடுப்பு வழக்கம். இங்கே அடியில் இரண்டு பருத்த கட்டை, அதன்மேல் சிறு கட்டை, உச்சியில் சுள்ளி, அதற்கும் மேலே எரிதுணை. உச்சியில் தீ வைத்தால் மெழுகுவர்த்தி மாதிரி கீழ்நோக்கி இறங்கும். கீழிருந்து எழும் புகை அந்தச் சுவாலைக்குள் நுழைந்தே போக வேண்டியிருப்பதால் அதுவும் எரிந்துவிடும். காற்றுத் துவாரங்களை முதலில் முழுதாகத் திறந்துவையுங்கள், நன்றாகப் பிடித்தபின் கொஞ்சம் குறைக்கலாம். இரவு முழுக்கக் கனன்று கிடக்கட்டும் என்று காற்றை அடைத்துவிட்டுத் தூங்கப் போவது தவறு. தார் பிடிப்பதே அப்போதுதான். புகைபோக்கியை வருடத்துக்கு ஒருமுறையாவது ஆள் வைத்துச் சுத்தம் செய்யுங்கள், தினமும் எரித்தால் இரண்டு முறை. முதல் வருடம் சுத்தம் செய்ய வந்தவர் என் புகைபோக்கியிலிருந்து தள்ளிய கருப்பு மினுக்கத் தகடுகளை ஒரு வாளியில் காட்டினார். பேசாமல் காசைக் கொடுத்தேன். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி அந்த அறையில் கட்டாயம் இருக்க வேண்டும். மணமோ நிறமோ இல்லாத வாயு அது.

எவ்வளவு காய்ந்த விறகானாலும், எவ்வளவு நல்ல கணப்பானாலும், நுண்துகள் வரவே செய்யும். வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தை இருந்தால், அல்லது வீடுகள் நெருங்கிய தெருவில் எரிவாயு வசதி இருந்தால், நான் கணப்பைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, வெளியே, கல் தரையில் வையுங்கள். ஆறிவிட்டது என்று நினைத்த சாம்பலுக்குள் கங்கு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் கொட்டித் தொட்டியே உருகிய வீடுகள் உண்டு. முழுவதையும் அள்ளிவிடவும் வேண்டாம், விரல் தடிமனுக்கு அடியில் விட்டால் அடுத்த நெருப்பு சீக்கிரம் தணல் பிடிக்கும். மீதி சாம்பல் தோட்டத்துக்கு ஆகும், உருளைக்கிழங்குப் பாத்தியை மட்டும் விட்டுவிடுங்கள், காரம் ஏறினால் கிழங்கில் சொறி வரும். கண்ணாடிக் கதவைத் துடைக்க ஏதேதோ திரவம் விற்கிறார்கள். கணப்பு ஆறியபின் ஈரத்தாளை அந்தச் சாம்பலில் தொட்டுத் தேய்த்தால் போதும், அப்பத்தா பித்தளைக் குடம் விளக்கியது போல.